ஆஷ் மரச் சட்டம் வாங்குமுன் குறுக்கே அறுத்துப் பாருங்கள்

ஒன்ராறியோவில் கனூ (துடுப்பால் தள்ளும் ஒடுங்கிய படகு) கட்டுகிற, பழைய கனூவைத் திருத்துகிற நம்மவர்கள் யாராவது ஆஷ் மரம் வாங்கப் போவதாக இருந்தால் இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு 380 டொலரும் ஒரு கோடைகாலமும் போய்விட்டது.

இரண்டு வருடமாக கராச்சில் 16 அடி கனூ ஒன்று கட்டி வருகிறேன். உள்ளே விலா எலும்பு மாதிரி வளைத்த வெண்சீடர் மரக் கீற்றுகள் (விலா), அதன்மேல் மெல்லிய சீடர் பலகை, வெளியே கான்வஸ் என்று பழைய முறை. விலாக்கள் ஒரு தொல்லையும் தரவில்லை. ஒவ்வொன்றும் கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய தடிப்புத்தான். மரத்தை வளைக்க நீராவியில் வேகவைக்கும் ஆவிப் பெட்டியிலிருந்து எடுத்து அச்சின் மேல் அழுத்த, நனைந்த தோல்வார் மாதிரி படிந்துவிடும். மிச்சம் இருந்தது வெளி விளிம்புச் சட்டம். கனூவின் இரண்டு முனையிலும் அது உள்ளே திரும்பி மேலேயும் ஏற வேண்டும். அதற்கு ஆஷ்தான் நல்லது. நார் நீளம், அடி தாங்கும்.

விளம்பரம் பார்த்து, நகரத்துக்கு வடக்கே ஒரு சிறிய மர ஆலைக்குப் போனேன். போன குளிர்காலத்தில் வெட்டியது, காற்றில் உலர்த்தியது என்றார் உரிமையாளர். நான் கேட்காமலே ஈரம் பார்க்கும் மீற்றரைச் சட்டத்தின் மேல் குத்தினார். 19 வீத ஈரம் காட்டியது. வளைக்கிற மரத்துக்கு 20, 25 வீதம் இருந்தால் நல்லது. 19 பரவாயில்லை என்று நினைத்தேன். சட்டத்தின் மேல் ஈரத் திட்டுகள் தெரிந்தன. இரவு மழை என்றார். தகரக் கூரைக்குக் கீழே இருந்த மரம் எப்படி நனைந்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நான்கு சட்டம் வாங்கினேன்.

ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேர ஆவி என்பது வழக்கமான கணக்கு. முக்கால் அங்குலச் சட்டத்துக்கு நான் முழு ஒரு மணி நேரமே கொடுத்தேன். மூன்றாவது இறுக்கியை முடுக்கும்போது டக்கென்று முறிந்தது. முறிந்த இடம் முள்ளங்கி ஒடிந்த மாதிரி நேராக இருந்தது. நல்ல ஆஷ் உடைந்தால் நீள நீளமாகச் சிம்பு கிழியும். இதில் ஒரு சிம்புகூட இல்லை. இரண்டாவது சட்டமும் அப்படியே போனது.

மூன்றாவதை ஆவியில் வைக்காமல் நடுவில் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தில் என் மீற்றரைக் குத்தினேன். 8 வீதம்தான். இங்கே வெளியில் அடுக்கி உலர்த்துகிற மரம் அவ்வளவுக்கு இறங்காது. அது சூளையில், அதாவது சூடேற்றிய அறையில், காய்ந்த மரம், மேலே மட்டும் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். மர நார்களை ஒட்டிப் பிடிக்கிற லிக்னின் ஈரத்தோடு சூடேறி இளகினால்தான் மரம் வளையும். சூளைச் சூட்டில் அது ஒருமுறை இறுகிவிட்டால், பிறகு ஊறப்போட்டு ஆவி கொடுத்தாலும் பழையபடி இளகாது.

அதோடு முடியவில்லை. நான்காவது சட்டத்தின் ஓர் ஓரத்தில் பட்டை கொஞ்சம் ஒட்டியிருந்தது. உளியால் தட்டி எடுத்தேன். அடியில் பாம்பு ஊர்ந்த தடம் போல வளைந்து வளைந்து புழு அரித்த கோடுகள், பட்டையில் அரை வட்டமாக ஒரு சிறு துளை. 2002இல் வின்ட்சர் பக்கம் கண்டுபிடித்த, ஆஷ் மரத்தைத் துளைக்கிற பச்சை வண்டின் வேலை. இந்த மாகாணத்தில் ஆஷ் மரங்களைக் கொன்று தீர்ப்பது அதுதான். வண்டு விழுந்த மரம் எல்லாம் கெட்டதல்ல, உடனே வெட்டினால் வளையும். செத்து வருடக்கணக்கில் நின்றால் நொறுங்கத் தொடங்கிவிடும். இது எவ்வளவு காலம் நின்றதோ தெரியாது.

ஆலை உரிமையாளருக்கு அழைத்தேன். மரம் என்றால் முறியத்தான் செய்யும் என்றார். அடுத்த அழைப்பை எடுக்கவில்லை.

வாங்கப் போகும்போது உங்கள் சொந்த மீற்றரையும் கைவாளையும் கொண்டு போங்கள். ஒரு துண்டைக் குறுக்கே அறுக்கக் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் வந்துவிடுங்கள். அறுத்த துண்டிலிருந்து விரல் தடிப்பில் ஒரு குச்சி சீவி ஒடித்துப் பாருங்கள், சிம்பு கிழிய வேண்டும். அப்புறம் மரத்தின் நார் ஓடும் ரேகை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பக்கத்தில் ஓடி வெளியேறாமல் போகிறதா என்றும் பாருங்கள். ஓடி வெளியேறும் இடத்தில்தான் முறியும்.

பட்டை ஒட்டிய அந்தச் சட்டத்தையும் முறிந்த துண்டுகளையும் எறியாமல் வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புபவர்கள் சொல்லுங்கள், நேரில் காட்டுகிறேன்.