முதலில் கற்க கூகுள் ஆட்ஸா, மெட்டா ஆட்ஸா?

கிளிக்குக்குப் பணம் கட்டும் விளம்பரத் துறைக்கு வருபவர்கள் முதலில் குழம்புவது இதில்தான்: கூகுள் தேடலில் வரும் விளம்பரமா, மெட்டாவின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வரும் விளம்பரமா? இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் இரண்டும் அரைகுறையாகத்தான் வரும்.

செலவு: கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் பாடம், சான்றிதழ் இரண்டும் இலவசம், சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மெட்டாவின் பயிற்சித் தளமான புளூபிரிண்டில் பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணம்.

வேலை: கூகுளில் ஆள் தானே தேடிக்கொண்டு வருகிறார். என்ன தேடியவர்களுக்கு விளம்பரம் போனது என்று காட்டும் தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்தால், ஷூ விற்கும் கடையின் விளம்பரத்தை 'ஷூ வரைவது எப்படி' என்று தேடியவர் கிளிக் செய்து காசைக் கரைத்திருப்பார். 'வரைவது' என்பதை நெகட்டிவ் கீவேர்டில், அதாவது விளம்பரம் காட்டக் கூடாத சொற்களின் பட்டியலில், போட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் தொழில் கைக்கு வருவது இங்கேதான். மெட்டாவில் யாரும் எதையும் தேடுவதில்லை. ஸ்க்ரோல் செய்யும் விரலைப் படமும் முதல் வரியும் நிறுத்த வேண்டும். பெரும்பாலும், கிளிக் வராவிட்டாலும், காட்டியதற்கே பணம் போய்விடும்.

எளிமை: மெட்டா. சட்டென்று விளம்பரம் ஓடும். அப்புறம் ஏன் விற்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

டிசைன், எழுத்து என்று மனம் போகிறவர்களுக்கு மெட்டா சரி. எக்செல்லோடு மல்லுக்கட்டப் பிடிக்குமா, கூகுள். இரண்டுங்கெட்டானாக இருந்தாலும் கூகுளையே சொல்வேன்: அங்கே அமைத்த விளம்பரக் கேம்பெய்னை, பிங் தேடலில் விளம்பரம் காட்டும் மைக்ரோசாஃப்ட் ஆட்ஸுக்கும் இம்போர்ட் செய்துகொள்ளலாம்.