சிறப்புப் பள்ளியா, இப்போதைய பள்ளியின் ரிசோர்ஸ் ரூமா?

பிள்ளைக்கு டிஸ்லெக்சியா (எழுத்தையும் ஓசையையும் இணைத்து வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) என்று மதிப்பீட்டில் உறுதியானதும் இந்தக் கேள்வி வந்துவிடும்: கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிக்கு மாற்றுவதா, இல்லை இப்போதைய பள்ளியிலேயே, வகுப்பிலிருந்து சற்று நேரம் அழைத்துப் போய்ப் பயிற்சி தரும் ரிசோர்ஸ் ரூம் போதுமா? கட்டணம், தூரம், நண்பர்களைப் பிரிவது எல்லாம் யாரும் யோசிப்பவைதான். முடிவு செய்ய வேண்டியது வேறொன்றை வைத்து: வாரத்துக்கு எத்தனை நிமிட வாசிப்புப் பயிற்சி, எத்தனை பிள்ளைகள் நடுவே?

ரிசோர்ஸ் ரூமில் வாரம் இரண்டு முறை 40 நிமிடம் என்றால் 36 வாரத்தில் 48 மணி நேரம். சிறப்புப் பள்ளியில் வாரம் ஐந்து நாளும் 45 நிமிடம் என்றால் 135 மணி நேரம். ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவே நாள் இடைவெளி விழுவதுதான் அதைவிடப் பெரிய சிக்கல். 'கொடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியது 'க்'. துணைக்காலை 'ர' என்று எடுத்து 'கெரடி' என்று வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. இதைச் சரிசெய்யும் பாடம் இப்படிப் போகும்: கொம்பையும் துணைக்காலையும் ஒரே நிறத்தில் எழுதிய அட்டை, ஓசையைச் சொல்லிக்கொண்டே மணலில் எழுதுவது, பிறகு கொ, தொ, பொ வரும் சொற்கள், சொல்வதை எழுதுதல், கடைசியில் வாக்கியம். மறுநாள் பாடம் அதே அட்டையில் தொடங்க வேண்டும். மூன்று நாள் கழித்துத் தொடங்கினால், மறந்ததை மீட்கவே பாதி நேரம் போய்விடும்.

சிறப்புப் பள்ளியில் அறிவியல் ஆசிரியரும் கேள்வியை வாசித்துக் காட்டுவார். மற்ற பள்ளியில் ரிசோர்ஸ் ரூமிலிருந்து வந்த பிள்ளை அடுத்த பீரியடிலேயே கரும்பலகையைப் பார்த்து எழுதித் திணறும். கணக்குப் பாடத்தின்போது அழைத்துப் போனால் கணக்கிலும் ஓட்டை விழும். விளையாட்டு நேரத்தில் அழைத்தால் பிள்ளைக்கு அது தண்டனை.

அதனால் வாசிப்பில் இரண்டு வகுப்புக்கு மேல் பின்தங்கிய பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளிதான் என் தேர்வு. பின்னடைவு லேசாக இருந்து, வாரம் நான்கு நாளாவது, மூன்று பேருக்கு மிகாத குழுவில் சொல்லிக்கொடுத்தால் ரிசோர்ஸ் ரூமே போதும். டிஸ்கால்குலியா (எண்களிலும் கணக்கிலும் வரும் கற்றல் குறைபாடு) மட்டும் என்றால் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன்.

சிறப்புப் பள்ளியிலும் ஒரு ஆபத்து இருக்கிறது: சாதாரணப் பள்ளிக்குத் திரும்பி வரும் காலம் குறிக்காமல் சேர்ப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாசிப்பை அளக்கிறார்களா, வயதுக்கேற்ற வகுப்புப் பாடங்களை வாசித்துக்காட்டியாவது நடத்துகிறார்களா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். பிழை குறைந்த பிறகும் வேகம் குறைவாகவே இருக்கலாம். திரும்பும் பள்ளியிடம் தேர்வில் கூடுதல் நேரத்தை எழுத்தில் வாங்கிவிட்டு அனுப்புங்கள்.