பத்திரப் பதிவுக்கு முன் பால் காய்ச்ச விடலாமா? விற்பவருக்கான ஒரு வழக்கறிஞர் சேவை பற்றிய மதிப்புரை

நங்கநல்லூரில் அப்பா கட்டிய வீட்டை நானும் தங்கையும் அம்மாவும் சேர்ந்து விற்க முடிவெடுத்தபோது, தரகர் சொன்ன ஆவண எழுத்தரிடம் போகாமல், விற்பவர் தரப்புக்காகத் தனியே வேலை செய்து தரும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தை அமர்த்திக்கொண்டோம். குறைகளும் எழுதப் போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். கிரய உடன்படிக்கை (விற்பதாக முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்) எழுதுவது முதல் பதிவு நாளில் உடனிருப்பது வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து 18,000 ரூபாய் வாங்கினார்கள். பத்திரம் எழுத இவ்வளவா என்று முதலில் எனக்கு உறுத்தியது உண்மை. ஆனால், எழுதிய பத்திரத்தைக் காட்டிலும், உடன்படிக்கைக்கும் கிரயத்துக்கும் இடைப்பட்ட இரண்டு மாதங்களில் அவர்கள் சொன்ன யோசனைக்குத்தான் அந்தப் பணம் தகும் என்று இப்போது தோன்றுகிறது.

சித்திரையில் உடன்படிக்கை பதிவானது. விலையில் பத்தில் ஒரு பங்கு முன்பணமாகக் கைக்கு வந்தது. மீதித் தொகை, வாங்குபவரின் வங்கிக் கடன் அனுமதியானதும் மூன்று மாதத்துக்குள் தரப்பட வேண்டும். வைகாசி பிறந்த மறுவாரமே வாங்குபவரின் தாயார் என் அம்மாவை அழைத்தார். வைகாசியை விட்டால் ஆனியும் ஆடியும் கழிந்து ஆவணியில்தான் கிரகப்பிரவேசத்துக்கு நாள் கிடைக்கும் என்றும், ஆகவே இந்த மாதமே பால் காய்ச்சிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பெயின்ட், மரவேலைகளை முடித்து, பதிவானவுடன் குடிவந்துவிடுவதாகவும் சொல்லி அனுமதி கேட்டார். மங்கல காரியத்துக்கு மறுப்புச் சொல்வதா என்று அம்மா தயங்கினார். தரகரோ, “நல்ல பார்ட்டி சார், சாவியைக் குடுத்துடுங்க, மனசு நெருங்கிடும்” என்றார். தரகுத்தொகை பதிவன்றுதான் கிடைக்கும் என்பதால் அவருக்கு அந்த நெருக்கம் தேவையாக இருந்தது.

வழக்கறிஞர் அலுவலகத்தில் இதற்குக் கிடைத்த விளக்கம், நான் எதிர்பார்த்த ‘கூடாது’ என்ற ஒற்றைச் சொல்லாக இல்லை. வீட்டுக்குள் வருவதற்கு அனுமதிப்பது வேறு, சுவாதீனத்தை, அதாவது வீட்டின் மீதான கைப்பற்றை, ஒப்படைப்பது வேறு என்பதிலிருந்து தொடங்கினார் அங்கிருந்த மூத்த வழக்கறிஞர். சொத்து மாற்றுச் சட்டம், 1882இன் 54ஆம் பிரிவின்படி கிரய உடன்படிக்கை மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. ஆனால் அதே சட்டத்தின் 53ஏ பிரிவு, எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் பேரில் சுவாதீனம் பெற்று, தம் பங்கைச் செய்து முடித்த அல்லது செய்யத் தயாராக இருக்கும் வாங்குபவரை, விற்பவர் வெளியேற்ற முடியாதபடி காக்கிறது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் பதிவாகியிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். தமிழ்நாட்டிலோ 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கிரய உடன்படிக்கையைப் பதிவு செய்வதே கட்டாயமாகிவிட்டது. அதாவது, நாங்கள் பாதுகாப்புக்காக என்று எண்ணிப் பதிவு செய்த அதே காகிதம், சாவியும் கைமாறினால், எங்களுக்கு எதிரே வைக்கக்கூடிய கேடயமாகிவிடும். இந்த ஒரு கண்ணியை எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை. பல வீடுகளைக் கைமாற்றிவிட்ட தரகருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அப்படி உள்ளே வந்தவரை, கடன் கிடைக்காமல் கிரயம் நின்றுபோனால் நாமே வெளியேற்றிவிட முடியாதா என்று கேட்டேன். சட்டப்படியின்றி வெளியேற்றப்பட்டவர், குறித்த நிவாரணச் சட்டம் (Specific Relief Act), 1963இன் 6ஆம் பிரிவின் கீழ், உரிமை யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்துச் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம் என்றார். பூட்டை மாற்றிவிடலாம் என்று மனத்துக்குள் வைத்திருந்த யோசனையை அத்துடன் விட்டுவிட்டேன். இன்னொன்று வரி பற்றியது. வருமான வரிச் சட்டப்படி, 53ஏ பிரிவில் சொல்லப்படும் வகையில் சுவாதீனத்தைக் கொடுப்பதே சொத்து மாற்றமாகக் கொள்ளப்படும். நிதியாண்டு முடியும் மார்ச் 31க்கு இப்பக்கம் சாவியும் அப்பக்கம் பத்திரமும் விழுந்தால், முழுப்பணம் வருவதற்கு முன்பே மூலதன ஆதாய வரிக் கேள்வி எழுந்துவிடும். எங்கள் விஷயத்தில் மாதக்கணக்கு அப்படி அமையவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு அவர்கள் பால் காய்ச்சுவதைத் தடுக்கச் சொல்லவில்லை என்பதுதான் இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்கத்தில் அனுமதிக் கடிதம் தயாரித்தார்கள். குறிப்பிட்ட நாளில் காலை 4.30 மணி முதல் நண்பகல் வரை பூஜைக்காக மட்டும் வருகிறோம், சுவாதீனம் விற்பவரிடமே உள்ளது, பொருள் எதையும் விட்டுச் செல்ல மாட்டோம் என்று வாங்குபவரும் அவர் மனைவியும் கையொப்பமிட்டார்கள். கதவைத் திறந்ததும் பூட்டியதும் நாங்கள்தாம். சாவி அவர்கள் கைக்குப் போகவே இல்லை. கடிதத்தைப் பார்த்து அவர்கள் சற்று முகம் சுளித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அன்று காலை பால் பொங்கியதும் முதல் டம்ளரை அந்தத் தாயார் என் அம்மாவிடம்தான் கொடுத்தார்.

வாங்குபவரின் மற்ற வேண்டுகோள்களை வழக்கறிஞர் அலுவலகத்தார் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் வருவதைத் தடுக்கவே கூடாது. அது நடக்காமல் கடனும் வராது. மாடுலர் கிச்சனுக்கு அளவெடுக்க வருபவரை நாங்கள் உடனிருக்கையில் அனுமதிக்கலாம். சுவரில் ஆணி அடிப்பது தொடங்கி எந்த வேலையும் பதிவுக்குப் பிறகுதான். சமையல் மேடையை இடித்த பிறகு கடன் மறுக்கப்பட்டால், இடிந்த மேடையோடு இன்னொருவருக்கு வீட்டைக் காட்ட வேண்டியிருக்கும். சாரத்திலிருந்து ஒரு தொழிலாளி விழுந்தால், வீட்டின் உரிமையாளர் என்ற முறையில் கேள்வி முதலில் எங்களிடம்தான் வரும். இவை எனக்கே தோன்றியவை. தோன்றாதது, பீரோ. வாடகை வீட்டில் இடமில்லை, ஒரே ஒரு பீரோவை மட்டும் பின்னறையில் வைத்துக்கொள்கிறோம் என்று வாங்குபவர் வீட்டார் பிற்பாடு கேட்டபோது, இதில் என்ன இருக்கிறது என்று நான் சம்மதிக்கவிருந்தேன். ஆள் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார், பீரோ போகாது என்றார் அந்த வழக்கறிஞர். பொருள் தங்கினால் அதைப் பார்க்க வர உரிமை கேட்பார்கள். பிறகு அந்த அறைக்கு ஒரு பூட்டு வரும். அதன் பின் சுவாதீனம் யாரிடம் இருந்தது என்பதற்கு இரு தரப்பும் சாட்சி தேட வேண்டிவரும். என் தங்கை, எதிர்வீட்டாரிடம் சொல்லி அந்தப் பீரோவுக்கு அவர்கள் கார் நிறுத்துமிடத்தில் இடம் பிடித்துக்கொடுத்தாள்.

வாங்குபவர் பக்கத்து நியாயத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை. பதிவுக்கு இரண்டு நாள் முன்பு வீட்டை முழுதாகச் சுற்றிப் பார்க்கவும், மோட்டார், கீசர், குழாய்கள் ஆகியவற்றை ஓட்டிப் பார்க்கவும் நேரம் ஒதுக்கினார்கள். அப்போதுதான் மேல்நிலைத் தொட்டியின் மிதவை உடைந்திருப்பது எங்களுக்கே தெரிந்தது, மாற்றிக் கொடுத்தோம். கடன் தொகைக்கான வரைவோலையைக் கையில் வாங்கி, சார்பதிவாளர் முன்னிலையில் கையொப்பமிட்ட பிறகு, அலுவலக வாசலிலேயே சாவிக்கொத்தைக் கொடுத்தோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் வரைவில் புதிய கதவு எண்ணும் பழைய கதவு எண்ணும் இடம் மாறியிருந்தன. தங்கை கவனித்திராவிட்டால் அப்படியே பதிவுக்குப் போயிருக்கும், பிழைதிருத்தல் பத்திரத்துக்கு மறுபடியும் அலைந்திருப்போம். சாவி கொடுக்கும் நாளில் மின்மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளச் சொல்ல மறந்துவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கில் எங்கள் நாள்கள் எத்தனை, அவர்கள் நாள்கள் எத்தனை என்று பின்னர் தோராயமாகப் பிரித்துக்கொண்டோம். கட்டணம் முழுவதையும் உடன்படிக்கையன்றே வாங்கிக்கொண்டதும் எனக்கு ஒப்பவில்லை. பாதியைப் பதிவன்று பெறுவதுதான் முறை.

இன்னொரு சொத்தை விற்க நேர்ந்தால் இவர்களிடமே போவேன், வரைவை மட்டும் எழுத்தெண்ணிப் படித்துப் பார்ப்பேன். தொலைபேசியை அவர்கள் எளிதில் எடுப்பதில்லை. மூத்த வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குக் கிளம்பும் முன், காலை ஒன்பதரைக்குள் நேரில் போய்விட்டால் பேச முடியும். உதவியாளரிடம் கேட்டு வந்தால் ‘சார்கிட்ட சொல்றேன்’ என்பதோடு அந்த நாள் போய்விடும்.