‘தாராளமா போகும் சார்’: பழைய ரோடு பைக்குக்கு அகல டயர் போடப் போய் நான் பட்டது

டயரில் காற்று குறைவாக இருந்ததைக் கடையிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, என் கண் முன்னாலேயே பின் வீலைச் சுழற்றிக் காட்டினார்கள். எங்கும் உரசவில்லை. டயரைப் பெருவிரலால் அழுத்தினேன், மெத்தென்று உள்ளே போனது. “அகல டயருக்கு இவ்ளோதான் சார் காத்து, அதனாலதான் மெத்தை மாதிரி போகும்” என்றார் கடைக்காரர். 19,400 ரூபாயைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

வண்டி 2010-ல் வாங்கிய ரோடு பைக், அதாவது மெல்லிய டயர் போட்ட ரேஸ் வகை சைக்கிள். அலுமினிய ஃப்ரேம், முன் வீலைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க் மட்டும் கார்பன் இழை, 23 எம்.எம். அகல டயர். அப்போதெல்லாம் ரோடு பைக் என்றால் 23தான், காற்றைக் கல் மாதிரி ஏற்றிக்கொண்டு பறப்போம். சனிக்கிழமைதோறும் தொண்டாமுத்தூர் வழியாகப் பூண்டி வரை போய் வருவேன். நாற்பத்தைந்து தாண்டியதும் ஒவ்வொரு வேகத்தடையும் மணிக்கட்டில் தெரிய ஆரம்பித்தது. கூட வருகிறவர்கள் 28, 32 என்று போட்டுக்கொண்டு அலுங்காமல் குலுங்காமல் போவதைப் பார்த்துப் பொறாமை வேறு.

கோவையில் ஓரளவு பெரிய கடைதான், பெயர் வேண்டாம். இந்த ஃப்ரேமில் 28 போகுமா என்று கேட்டேன். அளந்தெல்லாம் பார்க்கவில்லை. “தாராளமா போகும் சார். ஆனா உங்க ரிம் ரொம்ப ஒடுக்கம். அகல டயருக்கு அகல ரிம் போட்டாத்தான் செட் ஆகும்” என்றார். புது ரிம்மோடு வீல் இரண்டும் 15,000, டயர் இரண்டும் 3,800, கூலி 600.

அந்த அகல ரிம்தான் வில்லன். டயரில் 28 என்று போட்டிருந்தால் எந்த ரிம்மிலும் 28 இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். ரிம்மின் உள் அகலம் 1 எம்.எம். கூடினால் டயர் ஏறக்குறைய 0.4 எம்.எம். விரியும். என் பழைய ரிம் உள்ளே 15, புதியது 21. வீட்டில் வெர்னியர் வைத்துப் பார்த்தபோது 28 டயர் 30.5 காட்டியது. அகலம் மட்டுமில்லை, உயரமும் கூடும். (28 என்ற எண்ணே பெரிய குழப்பம். அப்பாவின் கறுப்பு சைக்கிளில் 28 என்றால் வீலின் விட்டம், அங்குலக் கணக்கு. இதில் 28 என்றால் டயரின் அகலம், மில்லிமீட்டர். ரிம்மின் விட்டமும் வேறு: அதற்கு 635 எம்.எம்., இதற்கு 622. அந்த டயரை இதில் மாட்டவே முடியாது.)

மறுநாள் காலை என் எடைக்குத் தேவையான 75 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் ஏற்றிக்கொண்டு மருதமலைக்குக் கிளம்பினேன். ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து மிதித்தால் பின்னால் ‘சர்ர்... சர்ர்’. உட்கார்ந்தால் சத்தம் இல்லை. எழுந்து மிதிக்கும்போது வீலும் ஃப்ரேமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அந்த நேரத்தில் டயர் செயின்ஸ்டேயில் இடித்திருக்கிறது. பெடல் அச்சிலிருந்து பின் வீலுக்கு ஓடும் குழாய் அது. இறங்கிப் பார்த்தால் பெயின்ட் போய் அலுமினியம் பளபளத்தது.

அது கூடப் பரவாயில்லை. திரும்பி வரும் வழியில், ரோடு போட ஜல்லி கொட்டியிருந்த இடத்தில், தார் ஒட்டிய பொடிக்கல் ஒன்று முன் டயரில் ஒட்டிக்கொண்டு மேலே போய் பிரேக்குக்கு அடியில் சிக்கியது. வீல் டக்கென்று நின்றுவிட்டது. நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்ததால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று. பத்து நிமிடம் முன்னால், மலை இறக்கத்தில் இது நடந்திருந்தால்?

வீட்டுக்கு வந்து முன் வீலைக் கழற்றியபோதுதான் அசல் திருட்டுத்தனம் தெரிந்தது. பிரேக்கின் அடிப்பக்கத்தை அரத்தால் ராவியிருந்தார்கள். கறுப்புப் பூச்சு போய், குறுக்கும் நெடுக்குமாக அரத்தின் கோடுகள். அந்த ஆள் ராவும்போது ஃபோர்க்கின் தலைப்பக்கமும் அரம் பட்டிருக்கிறது. கார்பனை ராவினால் உள்ளே இருக்கும் இழை அறுந்துபோகும், இரும்பு மாதிரி அதை வெல்டு வைக்க முடியாது. ஆக, டயர் போகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே ராவி, தெரிந்தே காற்றைக் குறைத்து, சுழற்றிக் காட்டியிருக்கிறார்கள். இதற்குக் கூலி 600 என்னிடமே வாங்கியிருக்கிறார்கள்!

கடைக்குப் போனேன். “ஓட்டின டயர ரிட்டன் எடுக்க மாட்டோம் சார்.” ராவியதைக் காட்டினேன். “அது ஏற்கெனவே இருந்திருக்கும்.” பழைய வீலையும் டயரையும் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டார்களாம். மூன்று நாள் கழித்து, போட்டோக்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்த பிறகு, அந்தக் குப்பையிலிருந்து என் பழைய வீல் இரண்டும் எழுந்து வந்தன. பணத்தில் 9,000 திரும்பி வந்தது. ஃபோர்க்குக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

இப்படி ஒரு யோசனை உங்களுக்கும் இருந்தால், கடைக்குப் போகும் முன் ஒரு 4 எம்.எம். ஆலன் கீயைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டயரில் நீங்கள் ஓட்டும் அளவுக்கு முழுக் காற்று ஏற்றச் சொல்லி, பிறகு அந்தக் கீயை டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். செயின்ஸ்டே இரண்டு பக்கமும், பின் வீலுக்கு மேலே இருக்கும் குறுக்குக் குழாய், பிரேக்கின் அடி, ஃபோர்க்கின் தலை, எல்லா இடத்திலும். சிக்காமல் போய் வந்தால் காசு கொடுங்கள். புது டயர் சில நாளில் இன்னும் அரை எம்.எம். வரை விரியலாம், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழைய ஃப்ரேமில் குட்டை பிரேக், அதாவது ரீச் (பிரேக் போல்ட்டிலிருந்து பிரேக் கட்டை வரை உள்ள தூரம்) 39-49 எம்.எம். இருந்தால், பெரும்பாலும் அதுதான் முதலில் தட்டும்.

கடைசியில் உக்கடம் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். ஒற்றை ஷட்டர் கடை, பாதி வேலை பால்காரர் சைக்கிள்கள். என் செயின்ஸ்டேக்கு நடுவே இருந்த இடத்தை அளந்து 33 என்றார். “இருவத்தஞ்சு போட்டா ரெண்டு பக்கமும் நாலு நாலு நிக்குமுங்க. அதுக்கு மேல இந்த வண்டிக்கு ஆசப்படாதீங்க.” பழைய ரிம்மிலேயே 25 போட்டு, பெண்டு எடுத்து, 250 ரூபாய் வாங்கினார். காற்றை முன்பை விடக் குறைத்து ஓட்டுகிறேன், மணிக்கட்டு வலி பாதியாகியிருக்கிறது. ஃபோர்க் புதிதாக ஆர்டர் செய்திருக்கிறேன், அது வரும்வரை மலைப்பக்கம் போவதில்லை.

கழற்றிய பிரேக்கைக் கையில் வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார் பெரியவர். “ஏனுங் தம்பி, இத யாருங்க ராவுனது?” என்றார். சொன்னேன். பிரேக்கைப் பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தார். “பத்திரமா வெச்சுக்குங்க. அடுத்த தடவ எவனாச்சும் தாராளமா போகும்னு சொன்னா, இத எடுத்துக் காட்டுங்க.”