மரோனி சுடுவது: ஓவனா, தாச்சியா, எயர் ஃப்ரையரா?

ஐப்பசி மாதக் குளிர் காதைக் கடிக்கத் தொடங்கியதும் சூரிச் தெருமுனைகளில் சின்ன மரக் குடில்கள் முளைத்துவிடும். உள்ளே சூடான இரும்புத் தட்டில் வாய் பிளந்த மரோனிகள், அதாவது சுட்டுத் தின்கிற செஸ்ட்நட் கொட்டைகள், கிடக்கும். நூறு கிராம் கேட்டால் நிறுத்து, கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள். பைக்கு இரண்டு அறைகள்: ஒன்றில் மரோனி, மற்றதில் நீங்கள் உரித்துப் போடும் கோது. இந்த நாட்டின் ஒழுங்கு எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் அந்தப் பையைக் காட்டினால் போதும்.

அகராதியில் இதற்குக் கஷ்கொட்டை என்று பெயர். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வந்த புதிதில் அம்மா ஒன்றை உரித்து வாயில் போட்டுவிட்டு, "பலாக்கொட்டை மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். இதைவிடப் பொருத்தமாக எந்தச் சமையல் புத்தகமும் சொல்லி நான் பார்த்ததில்லை. வெளியே தடித்த கோது, உள்ளே பருப்போடு ஒட்டிய மெல்லிய மண்ணிறத் தோல், அதற்குள் மாப்பிடிப்பான சதை என்று அமைப்பிலும் இரண்டும் ஒன்றுதான். கீறாமல் நெருப்பில் போட்டால் வெடிப்பதும் அப்படியே.

பாதாம், கஜு போன்றவற்றோடு இதைச் சேர்த்து நினைப்பதால்தான் வீட்டில் சுடும்போது பிழையாகப் போகிறது. அவை எண்ணெய்க் கொட்டைகள். வறுக்க வறுக்க மொறுமொறுக்கும். பச்சை மரோனியில் ஏறக்குறையப் பாதி தண்ணீர், மிச்சத்தில் பெரும்பகுதி மா. கொழுப்பு நூற்றுக்கு இரண்டு அளவில்தான் இருக்கும். ஆகவே இது வறுக்கிற சாமான் இல்லை, சுட்ட வத்தாளங்கிழங்கின் உறவு. நாம் சுடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, அது தன் தண்ணீரில் தானே அவிகிறது. சதை அவிவதற்கு முன் தண்ணீர் போய்விட்டால் கல்லு. தண்ணீர் போகவே இல்லையென்றால் அவித்த கிழங்கு. சுட்ட வாசம் வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதில் எந்த முறை கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது என்பதுதான் இந்தப் போட்டி.

அடுப்புக்கு முன்னால்

முறை எதுவானாலும் கொட்டை பழுதானால் ஒன்றும் செய்யமுடியாது. கையில் எடுத்தால் பாரமாக, பளபளப்பாக இருக்கவேண்டும். விரலால் அழுத்தும்போது கோதுக்கும் பருப்புக்கும் இடையே வெறுமை தெரிந்தால் அது காய்ந்துபோனது. தண்ணீரில் போட்டு மிதப்பவற்றை எறிந்துவிடுங்கள். கோதில் சின்னத் துளை இருந்தால் புழு வெளியேறிவிட்டது என்று பொருள். துளை இல்லாவிட்டால் உள்ளே புழு இல்லை என்று பொருளில்லை. வாங்கியதைப் பழத்தட்டில் வைக்காதீர்கள், ஒரு கிழமையில் வற்றிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் மரக்கறி வைக்கிற தட்டில் வையுங்கள். குளிரில் சில நாள் இருந்தால் மாவில் ஒரு பகுதி சீனியாக மாறி இனிப்புக் கூடும் என்பது கூடுதல் இலாபம்.

கடையில் மரோனி என்றும் கஸ்தானியன் என்றும் இரண்டு பெயர் பார்த்திருப்பீர்கள். முதலாவது பருத்த இனம்; உள்தோல் பருப்புக்குள் மடிந்து போகாது, இலகுவாக உரியும். இரண்டாவது சிறியது, மலிவு, சுவையிலும் குறைவில்லை. ஆனால் தோல் பருப்பின் மடிப்புக்குள் புகுந்து பொறுமையைச் சோதிக்கும். முதல் தடவை சுடுபவர் பெரியதையே வாங்கலாம்.

இன்னொன்று. பூங்காக்களில் பிள்ளைகள் பொறுக்கி வருகிற குதிரைக் கஷ்கொட்டை வேறு மரத்தினுடையது, நச்சு. அதன் பச்சைக் கோதில் முள் அங்கொன்று இங்கொன்றாக இருக்கும், கொட்டையின் நுனி மொழுமொழுவென்று உருண்டிருக்கும். தின்னக்கூடியதன் கோது முள்ளம்பன்றிபோல நெருக்கமான முள்ளோடு இருக்கும், கொட்டை நுனியில் சின்னக் குஞ்சம் தெரியும். சந்தேகம் என்றால் கடையில் வாங்கியதோடு நில்லுங்கள்.

கீறுவதில் இரண்டு கட்சி உண்டு. தட்டையான பக்கத்தில் பெருக்கல் குறி போடுவோர் ஒரு கட்சி. உருண்ட பக்கத்தில் குறுக்கே ஒரே நீளக் கீறல் போடுவோர் மறு கட்சி. நான் இரண்டாவது. பெருக்கல் குறி அழகாக விரியும், ஆனால் சதை அதிகம் வெளித்தெரிந்து காய்ந்துவிடும். ஒற்றைக் கீறல் ஒரு வாய்போலத் திறக்கும். இரண்டு பக்கமும் அழுத்தினால் பருப்பு முழுதாக வெளியே வரும். தக்காளி வெட்டுகிற பல்லுக் கத்திதான் இதற்குச் சரி, வழுக்காது. கோதும் உள்தோலும் வெட்டுப்படவேண்டும், சதை அதிகம் படக்கூடாது. ஒரு வருடம் கதைத்துக்கொண்டே கீறியதில் ஒன்றைத் தவறவிட்டேன். அது ஓவனுக்குள் வெடித்த சத்தத்துக்குப் பக்கத்து அறையில் படுத்திருந்தவர் எழும்பி வந்தார். ஓவன் சுவர் முழுக்க மாவாகப் படிந்ததைச் சுரண்ட ஒரு மாலை போனது.

ஓவன்

பரவலாகச் சொல்லப்படுவது இதுதான்: 200 பாகை, 25 நிமிடம், தட்டில் பரப்பி உள்ளே வை. அப்படியே செய்தால் பாதிப்பேருக்குக் கல்லுத்தான் கிடைக்கும். காரணம் ஓவனின் இயல்பு. காற்று மெதுவாகச் சூட்டைக் கடத்தும், அதே காற்று கீறல் வழியே ஈரத்தையும் உறிஞ்சும். விசிறி சுழலும் நிலையில் இது இன்னும் மோசம். ஓவனில் மேலும் கீழும் மட்டும் சூடாகும் நிலை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். விசிறி மட்டும்தான் என்றால் 20 பாகை குறையுங்கள்.

நான் பல தடவை மாற்றி மாற்றிச் செய்து கடைசியில் நின்றது இப்படி. கீறிய மரோனியை ஒரு மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிடுவேன். வடித்து, துடைக்காமல், ஈரத்தோடே தட்டில் ஒரே அடுக்காக, கீறல் மேலே பார்க்க வைத்து, அலுமினியத் தாளால் இறுக மூடி 220 பாகையில் கால் மணித்தியாலம். உள்ளே நீராவி கட்டி, கோது நெகிழ்ந்து, சதை அவிந்துவிடும். பிறகு தாளை எடுத்துவிட்டு இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம். இப்போதுதான் கீறலின் விளிம்பு சுருண்டு, கருகி, தெருவில் வருகிற அந்த வாசம் வரும். முதல் பாதி அவியல், இரண்டாம் பாதி சுடல். முழுநேரமும் திறந்து வைத்தவர்களும் முழுநேரமும் மூடி வைத்தவர்களும் என்னிடம் வந்து ஓவனைத் திட்டியிருக்கிறார்கள்.

எடுத்தவுடன் தட்டை மேசையில் வைத்துவிடக்கூடாது. பழைய துவாய் ஒன்றில் கொட்டி, மூட்டையாகக் கட்டி, ஒருமுறை நன்றாக நெரித்துப் பத்து நிமிடம் வையுங்கள். கோது நொறுங்கும், உள்ளே தேங்கிய ஆவி உள்தோலைக் கிளப்பிவிடும். பிறகு நாலு நாலாக எடுத்து உரியுங்கள், மிச்சம் மூட்டைக்குள்ளேயே இருக்கட்டும். மரோனி ஆறினால் உள்தோல் திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளும். விரல் சுடச்சுட உரிப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

ஓவனின் பலம் அளவு. ஒரு கிலோவை ஒரே தடவையில் சுடலாம். வீட்டில் ஆட்கள் வந்திருக்கும்போது நீங்களும் கூட இருந்து கதைக்கலாம். இருபது கொட்டைக்காக ஓவனை மூட்டுவது மின்சாரத்துக்குப் பிடித்த கேடு. அது சூடேறுகிற நேரத்துக்குள் வேறு முறையில் பாதி வேலை முடிந்துவிடும்.

தாச்சி

சுவிஸின் இத்தாலிய மொழிப் பகுதியான திச்சினோவில் மரோனிக்குத் தனி மரியாதை. கோதுமை விளையாத மலைப்பள்ளத்தாக்குகளில் ஒருகாலத்தில் ஏழைகளின் பாண் அதுவாகத்தான் இருந்தது. கல் குடில்களில் கீழே மெல்லிய நெருப்பைப் புகையவிட்டு, மேல்தட்டில் கிழமைக்கணக்காக உலர்த்தி, மாவாக்கி வருடம் முழுக்க வைத்திருப்பார்கள். இன்றும் ஐப்பசியில் அஸ்கோனா போன்ற ஊர்களில் விழா வைத்துத் திறந்த நெருப்பில் சுடுகிறார்கள். அடியில் துளைகள் போட்ட பெரிய இரும்புச் சட்டி, நீளக் கைபிடி. துளை வழியே தீ நாக்கு நேரே கோதைத் தொடும். அந்தச் சுவையை ஓவன் எட்டவே எட்டாது. இதை நான் ஓவன்காரனாக இருந்துகொண்டே சொல்கிறேன்.

ஆனால் அந்தச் சட்டியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி மின்னடுப்பில் வைத்தால்? துளை இருப்பது தீக்காக. இங்கே தீயே இல்லை. துளையால் கருகல் தூள்தான் அடுப்பில் கொட்டும். மின்னடுப்பு வைத்திருப்பவர்களுக்குத் துளையில்லாத கனத்த இரும்புச் சட்டியும் இறுக்கமான மூடியும்தான் சரி. நடுத்தரச் சூட்டில் மூடி வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் குலுக்கி, பாதியில் ஒரு கை தண்ணீர் தெளித்து மறுபடி மூடி, மொத்தம் இருபது இருபத்தைந்து நிமிடம். இரும்பு நேரே படுவதால் கறுப்புப் புள்ளிகள் விழும், வாசம் வரும். தெளித்த தண்ணீர் ஆவியாகி உள்ளே ஈரத்தைக் காக்கும். குறை இரண்டு. அடுப்படியை விட்டு நகரமுடியாது. ஒரு சட்டிக்கு இருபது இருபத்தைந்துக்கு மேல் ஒரே அடுக்காகக் கொள்ளாது. புகை உறிஞ்சியை முதலே போட்டுவிடுங்கள், குசினி வாசம் படுக்கையறை வரை போகும்.

தாச்சியில் இன்னொரு வழி இருக்கிறது, அதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீனாவில் தெருவோரத்தில் பெரிய தாச்சி நிறையக் கரடுமுரடான மணலைச் சூடாக்கி, சீனிப்பாகு விட்டு, அதற்குள் கஷ்கொட்டையைப் போட்டுப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். சீனியை விட்டுப் பார்த்தால் நல்லூர்த் திருவிழாவில் கச்சான் வறுக்கிற அதே கை. மணல் கொட்டையை எல்லாப் பக்கமும் கட்டிப்பிடிப்பதால் ஓரிடம் கருகி ஓரிடம் பச்சையாக நிற்காது. வீட்டில் மணலுக்குப் பதில் கல்லுப்பைப் போட்டுப் பார்த்தேன். அரைக் கிலோ உப்பு நன்றாகச் சூடேறியதும் கீறிய மரோனியைப் புதைத்து, மூடி, இடையிடையே கிளறினால் போதும். இதுவரை சுட்டதில் சூடு ஒரே சீராக ஏறியது இதில்தான். கீறல் வழியே கொஞ்சம் உப்பு ஏறி இனிப்பைத் தூக்கியும் கொடுத்தது. ஊறவைத்த மரோனியை இதற்குப் போடாதீர்கள், உப்பு கட்டிபட்டுவிடும். ஆறிய உப்பைப் போத்தலில் போட்டு அடுத்த தடவைக்கு வைக்கலாம். ஆனால் அரைக் கிலோ உப்பைச் சூடாக்கக் காத்திருக்கும் பொறுமை வேலைநாளில் எனக்கு வராது.

எயர் ஃப்ரையர்

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உள்ளே நடப்பது சின்ன இடத்தில் வேகமாகச் சுழலும் சூட்டுக்காற்று, அதாவது விசிறி ஓவனின் குட்டி. 180 பாகையில் கால் மணித்தியாலம், நடுவில் ஒரு குலுக்கல். வேகம் நல்லது, பதினைந்து இருபது கொட்டைக்கு இதைவிடச் சிக்கனம் இல்லை. காற்று பலமாக அடிப்பதால் ஊறவைக்காமல் போட்டால் விளிம்பு பிஸ்கட்போல ஆகிவிடும். ஒருவருக்கோ இருவருக்கோ மாலைத் தேநீரோடு வேண்டுமென்றால் இதுதான் என் தேர்வு. மைக்ரோவேவ் இதைவிட வேகம், ஆனால் இரண்டு நிமிடம் ஆறியதும் மரோனி ரப்பராகிவிடும்.

குக்கர்

சுடுகிற போட்டிக்குள் அவிக்கிறதை ஏன் இழுக்கிறாய் என்று கேட்கலாம். உரிப்பது இதில்தான் இலகு, அதனால்தான். கீறிய மரோனியைத் தண்ணீரோடு எங்கள் வீட்டுக் குக்கரில் வைத்து இரண்டு மூன்று விசில் விட்டு, சுடுதண்ணீருக்குள் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து உரித்தால் இரண்டு தோலும் ஒன்றாகக் கழன்று வரும். சுட்ட வாசம் இருக்காது. இனிப்பும் கொஞ்சம் தண்ணீரோடு போய்விடும். கடதாசிப் பைக்கு இது ஆகாது, சமையலுக்கு ஆகும். இங்கே பேக்கரிகளில் இடியப்பம்போலப் பிழிந்து கிரீம் போட்டு விற்கிற வெர்மிசெல், அவித்து மசித்த மரோனிதான். வீட்டில் இடியப்ப உரல் இருப்பவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். சமையலுக்கு மட்டும் என்றால் கடையில் உரித்து உறையவைத்த மரோனி கிடைக்கிறது. அதை வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எந்த முறையில் செய்தாலும் பத்துக்கு ஒன்று அடம்பிடித்துத் தோலை விடாது. சண்டை பிடிக்காமல் குறுக்கே பாதியாக வெட்டி, சின்னக் கரண்டியால் சுரண்டி ஒரு கிண்ணத்தில் சேர்த்துவையுங்கள். அடுத்தநாள் பலாக்கொட்டைக்கு வைக்கிற மாதிரியே வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் கறித்தூள் போட்டு, கடைசியில் கட்டித் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். எங்கள் வீட்டில் இந்தக் கறிக்காகவே நல்லதாக உரியக்கூடிய சிலவற்றையும் "உரியவில்லை" என்று கிண்ணத்தில் போடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார்.