மிர்த் கனெக்ட் + ஹாப்பி ஃபயர்: லாப்பையும் கிளினிக்கையும் இணைத்து ஓட்டிய அனுபவம்

திருகோணமலையில் ஒரு தனியார் லாப்பையும் இரண்டு கிளினிக்குகளையும் இணைக்க மிர்த் கனெக்ட் (மருத்துவ மென்பொருள்களுக்கிடையே செய்தியை மாற்றிக் கடத்துவது), ஹாப்பி ஃபயர் (அந்தத் தரவை வைத்திருக்கும் சேர்வர்) என்ற ஜோடியைச் சில வருடமாக ஓட்டுகிறேன். லாப் மென்பொருள் பழைய எச்எல்7 (மருத்துவத் தரவைப் பரிமாறும் தரநிலை) இரண்டாம் பதிப்பில் முடிவை அனுப்பும், மிர்த் அதைப் பிடித்து எச்எல்7இன் புதிய வடிவமான ஃபயர் ஆர்4க்கு மாற்றி ஹாப்பியில் போடும், டொக்டர் திரையில் பார்ப்பார். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வருகிறவர்கள் ஒரு ரிப்போட் தாளுக்காக இன்னொரு நாள் மினக்கெட வேண்டியதில்லை.

மிர்த்தில் பிடித்தது அதன் வரிசை. லைன் அறுந்தால் போய்ச் சேராத செய்தி வரிசையில் நிற்கும், மறுமுனை எழும்பியதும் தானாகப் போகும். பிழையாகி நின்ற செய்தியைத் திறந்து, ஜாவாஸ்கிரிப்டில் நாலு வரி திருத்தி, அதையே திரும்ப ஓடவிடலாம். பழைய செய்திகளை அழிக்கும் டேட்டா ப்ரூனரை மட்டும் முதல் நாளே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தரவுத்தளம் ஊதிவிடும்.

மண்டை காய்வது ஆள் அடையாளத்தில்தான். லாப்பில் 9 இலக்கமும் ஒரு எழுத்துமுள்ள பழைய அடையாள அட்டை, கிளினிக்கில் 12 இலக்கப் புதியது என்று கொடுத்தால் மென்பொருளுக்கு அவர் இரண்டு ஆள். கடைசி எழுத்தை விட்டு, முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் முதல் 5க்குப் பின் ஒரு 0 செருகினால் புதியது வந்துவிடும். மிர்த்திலேயே இதைச் செய்கிறேன். பிள்ளைகளுக்கு அட்டை இல்லை, கவுன்டரில் தாயின் இலக்கத்தைப் போட்டுவிடுகிறார்கள். நல்லவேளை, இலக்கத்துக்குள்ளேயே பிறந்த வருடம் இருக்கிறது, வயதோடு அது ஒத்துப்போகாவிட்டால் தானாக இணைக்காமல் நிறுத்தி ஒரு ஆளைப் பார்க்க வைத்திருக்கிறேன். பெயரை வைத்துப் பொருத்துவதை யோசிக்கவே வேண்டாம்: முகம்மது என்ற ஒரு பெயருக்கே ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல்! குடும்பப் பெயர் கட்டாயம் என்று லாப் மென்பொருள் அடம்பிடிக்கும், நம்மில் பலருக்கு இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்துதான், எனவே அந்தக் கட்டத்தில் வெறும் புள்ளி வரும். ஃபயரில் அது கட்டாயமில்லை, முழுப் பெயரையும் அப்படியே வைக்கலாம், நிம்மதி.

அப்புறம் அலகு. வெறும் வயிற்றுச் சீனி டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமும் லீற்றருக்கு 7 மில்லிமோலும் ஒன்றுதான், ஆனால் அலகில்லாமல் வெறும் 7 வந்தால் டொக்டர் என்ன செய்வார்? லாப் பரிசோதனைகளுக்கான பொதுக் குறியீட்டுப் பட்டியலான லொயின்க்கில் இரண்டுக்கும் வேறு வேறு குறியீடு உண்டு. லாப்பின் சொந்தச் சுருக்கெழுத்துகளை அதோடு பொருத்தும் பட்டியலை எம்எல்டி (லாப் தொழில்நுட்பவியலாளர்) பக்கத்தில் இருந்துதான் போட வேண்டும், கணினிக்காரர் தனியாகச் செய்கிற வேலையில்லை அது.

குறை என்றால், மிர்த் 2025இல் 4.6 பதிப்போடு ஓப்பன் சோர்ஸை விட்டு, காசு கொடுத்து வாங்கும் மென்பொருளாகிவிட்டது. நான் 4.5.2இலேயே நிற்கிறேன், அதிலிருந்து கிளைத்த ஓப்பன் இன்டக்ரேஷன் எஞ்சினைத் தனி மெஷினில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹாப்பி நினைவகத்தை நன்றாகத் தின்னும். ஒரே கிளினிக், ஒரே லாப் என்றால் ஃபயர் சேர்வரே தேவையில்லை, மிர்த் மட்டும் போதும். புதிதாக லாப் மென்பொருள் வாங்குகிறவர்கள், எச்எல்7 வெளியீடு விலைக்குள் அடக்கம் என்று காசு கொடுக்கமுன் எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு விற்றவர்கள் அதற்குத் தனிக் காசு கேட்டார்கள்.