பச்சை மூடி டியூப்

லண்டனிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனதில் பேங்க் வேலை, ஆதார் திருத்தம் எல்லாம் ஆச்சரியமாகச் சட்டென்று முடிந்துவிட்டன. அதையெல்லாம் விடுங்கள். சித்தப்பாவின் ரத்தப் பரிசோதனைக் கதையை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

சித்தப்பாவுக்கு பைபோலார், மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய். அதற்கு அவர் சாப்பிடும் மாத்திரை லித்தியம். மதுரையில் ஒரு தனியார் மனநல மருத்துவமனையிலிருந்து, நான் போய் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கையில் டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு பை நிறைய மாத்திரை. கடைசி வரியில் 'இரண்டு வாரத்தில் லித்தியம் லெவல் பார்த்து வரவும்', அதாவது ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று. அவ்வளவுதான். நோயாளியோடும் குடும்பத்தோடும் கலந்து பேசி, அடுத்த சிகிச்சைக்கு ஒரு திட்டம் போட்ட பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது. சித்திக்குக் கிடைத்த திட்டம், "மாத்திரைய விடாமக் குடுங்கம்மா." லண்டனில் டிஸ்சார்ஜ் ஆன 72 மணி நேரத்துக்குள் யாராவது தொடர்புகொண்டு ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்த்தாக வேண்டும் என்பது விதி. அங்கேயும் ஆயிரம் ஓட்டை உண்டு, ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது.

இங்கே சித்தி, பிரஷருக்குப் பயந்து உப்பைக் குறைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய புரூஃபன். வெளியே சித்திரை வெயில். உப்போ தண்ணீரோ குறைந்தாலும், இந்த வகை வலி மாத்திரை போட்டாலும், லித்தியம் உடம்பில் ஏறிவிடும். இதை நான் செல்போனில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சரி, லெவல் பார்ப்போம் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லேபுக்குப் போனோம். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டிய ரத்தம் இது. லேப் பையன் கேட்டதெல்லாம் "வெறும் வயிறா சார்?" மட்டும். மதுரைக்கு அனுப்பி, ராத்திரி ஒன்பதுக்கு வாட்ஸ்அப்பில் ரிசல்ட் வந்தது. 2.8. பக்கத்திலேயே அச்சடித்திருந்தது, 0.6 முதல் 1.2 வரை என்று. 2 தாண்டினாலே ஆபத்து என்பதையும் செல்போன் சொல்லிக்கொடுத்திருந்தது.

அப்புறம் வீட்டில் நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சித்தி அழுகை. பெரியப்பா மகன், "அப்பவே சொன்னேன், குணசீலம் கோயில்ல ஒரு மண்டலம் தங்க வச்சிருக்கலாம்." 14416க்கு அடித்தேன். அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள்: வாந்தி, நடை தள்ளாட்டம், பேச்சுக் குளறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி, இல்லாவிட்டாலும் இப்போதே டாக்டரைக் கேளுங்கள். சித்தப்பாவோ மூன்றாவது தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு டாக்டர் எங்கே எடுக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். லண்டனில் என் ஜி.பி.யோடு, அதாவது குடும்ப டாக்டரோடு பேச, காலை எட்டு மணிக்கு வரவேற்பாளரின் போன் வரிசையில் நின்று பாட்டுக் கேட்க வேண்டும். இவர் எடுத்ததும், "நடை தள்ளாடுதா? கை நடுங்குதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றதும், "தம்பி, ரத்தம் எடுத்த டியூப்போட மூடி என்ன கலர்?"

பச்சை.

"அதான். பச்சை மூடின்னா பெரும்பாலும் உள்ளே லித்தியம் ஹெப்பாரின், ரத்தம் உறையாம இருக்கப் போடுறது. டியூப்லயே லித்தியம் இருக்கு. எதுக்கும் இன்னிக்கு மாத்திரை வேண்டாம். காலையில சிவப்பு மூடியில திரும்ப எடுங்க. உப்பு வழக்கம்போல போடச் சொல்லுங்க, புரூஃபன் வேண்டாம். இடையில ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா எனக்காகக் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

டிஸ்சார்ஜ் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இந்த ஒரு போனில் சொல்லி முடித்துவிட்டார். மறுநாள் 0.4 வந்தது. ஒரு வேளை விட்டதைக் கணக்கில் சேர்த்தால் சரியாகத்தான் இருக்கிறது என்று மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

ரத்த டியூப்புக்கு நிறம் பார்த்து மூடி போடுகிற உலகத்தில், மூடியைப் பார்க்காத லேப்! அதிலும் இரண்டாவது டெஸ்டுக்கும் முழுக் காசு. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றேன். சித்திதான், "விடுப்பா, நீ ஊருக்குப் போயிருவ. அடுத்த தடவையும் நாங்க இங்கதான் வரணும்" என்று இழுத்துக்கொண்டு போனார்.